பஞ்சு ஆகாதவள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட மாட்டோம். கொல்கத்தாவின் மே மாதத்தில்கூட அப்பா சுவரோரமாக, காற்றே எட்டாத மூலையில், பனியன் முதுகோடு ஒட்ட உட்கார்ந்திருப்பார். விசிறி கழன்று தலையில் விழுந்துவிடும் என்பது அவர் பயம். இதுவரை விழுந்ததில்லை. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்திலும் மேஜையைச் சன்னலோரம் நகர்த்திக்கொண்டவர்தான். பத்மநாபன் ஸார் வெளிச்சம் விரும்புகிறவர் என்று அங்கே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா வசுமதிக்கு டிராம் தண்டவாளம். எங்கள் சந்து ராஷ்பிஹாரி அவென்யூவில் போய் முட்டும். லேக் மார்க்கெட், காபிப் பொடிக் கடை, கோயில், பஜனை சமாஜம் எல்லாமே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அம்மா அதை மிதிக்கவும் மாட்டாள், தாண்டவும் மாட்டாள். இரும்பில் கரண்ட் ஓடுகிறதாம். மேலே கம்பியில் அல்லவா ஓடுகிறது என்றால், "மேல போனது கீழ வந்துதானே ஆகணும்" என்பாள். அதில் பாதி உண்மை. அதற்காக ஊரில் ஒருவரும் செத்து விழவில்லை. வெறும் சாலையைக் கடப்பதற்காக அவள் கை ரிக்ஷாவில் ஏறி, கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் இறங்குவாள். ரிக்ஷாக்காரர்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துப்போனது.

அண்ணன் சாய்ராம் வங்கி அதிகாரி. அவன் லிஃப்டில் ஏற மாட்டான். டல்ஹௌசியில் ஆறாவது மாடிக்குத் தினமும் படியேறிப் போவான். கேட்டால் உடற்பயிற்சி என்பான். எனக்கும் ஒன்று இருக்கிறது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு சால்ட் லேக்கில் ஒரு கால் சென்டரில் இரவெல்லாம் யாரோ முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குகிறவன் நான். பகலில் தொலைபேசி மணி அடித்தால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வேன். அதனால் தொலைபேசியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தோம்.

இதையெல்லாம் நாங்கள் பயம் என்று சொல்லிக்கொண்டதே இல்லை. அப்பாவின் வழக்கம், அம்மாவின் ஜாக்கிரதை, சாய்ராமின் ஆரோக்கியம், கிச்சாவின் தூக்கம். சாய் கிருஷ்ணா என்கிற நான்தான் கிச்சா.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் ஆனி மாதம் சாய்ராமுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் பத்மஜா. அவளுடைய அப்பா சிவராமகிருஷ்ணன் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்தார். பெண் அங்கேயே ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். தமிழைவிடப் பெங்காலி சுத்தமாகப் பேசுவாள். வாயும் நீளம். கல்யாணமாகி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, மத்தியானம் நான் எழுந்து வந்தால், "என்ன, வௌவால் இறங்கியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

ஒரு நாள் நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாத்திரைக் குப்பியை என் முன்னால் வைத்தாள்.

"இதத் திறந்து உள்ள இருக்கறத எடுத்துப் போட்டுடு. எனக்குக் காட்டாதே."

"உள்ள என்ன, தேளா?"

"பஞ்சு."

மாத்திரைகளுக்கு மேலே அடைத்து வைப்பார்களே, அந்தத் துண்டுப் பஞ்சு. நான் அதை இரண்டு விரலால் இழுத்து அவள் பக்கம் நீட்டினேன். அவள் கத்தவில்லை. பின்னால் போய்க் கதவு நிலையில் மோதிக்கொண்டாள். மேலுதட்டில் வியர்வை பொடித்தது. கையிரண்டையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, "அஷொப்யோ" என்றாள். நாகரிகமில்லாதவன் என்று பெங்காலியில் திட்டுவது. நான் பஞ்சைச் சன்னல் வழியாக எறிந்தேன்.

"நிஜமாவா மன்னி?"

"விளையாட்டுக்கா இப்படி நிக்கறேன்?"

"பஞ்சு என்ன பண்ணும்?"

"பிச்சா ஒரு சத்தம் வரும். பல்லுக்குள்ள வரும். உனக்குக் கேக்காது." சொல்லும்போதே அவள் தோள் குலுங்கியது. "நனைஞ்சுட்டா பரவால்ல. நூலா நூத்து நெஞ்சுட்டா பரவால்ல. காஞ்சு, உதிரியா இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"எதனால?"

"உங்கம்மாவக் கேளு, டிராமுக்கு எதனாலன்னு."

"அண்ணாவுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். சிரிச்சார். அப்பறம் மறந்துட்டார்."

அதற்குப் பிறகுதான் அவள் வந்தபோது கொண்டுவந்த ரப்பர் தலையணை எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அம்மா அதைப் பற்றி, "பொண்ணோட ஸ்டெப்னியும் சேத்து அனுப்பிச்சுட்டார் அவ அப்பா" என்று பக்கத்து வீட்டுப் பெங்காலி மாசிமாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் பஞ்சு இல்லாத நாள் கிடையாது. அம்மா மத்தியானச் சாப்பாடு ஆனதும் கால் நீட்டி உட்கார்ந்து திரி திரிப்பாள். தொடையில் பஞ்சை வைத்து ஒரு உருட்டு, ஒரு திரி. பழைய பிஸ்கட் டப்பா நிறையத் திரி இருக்கும். பிள்ளையார் சதுர்த்திக்குப் பஞ்சை நீளமாக இழுத்து, நடுநடுவே குங்குமம் வைத்து மாலை கட்டுவார்கள். புது மருமகள் கட்ட வேண்டும் என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பத்மஜா, தான் தூரம் என்று சொல்லித் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மாவிடம் நடக்காத காரியம் அது. வீட்டில் யாருக்கு எப்போது என்று அவள் மனத்தில் காலண்டர் ஓடும்.

"இப்பத்தானே ஆச்சு? அதுக்குள்ளயா?"

பொய் அங்கேயே பிடிபட்டது. பண்டிகைக்குப் பயந்து தூரம் என்று பொய் சொல்கிறவள் எதை மறைக்கிறாள் என்று அம்மா யோசிக்க ஆரம்பித்தாள். யோசிக்கத் துணைக்குச் சுந்தரவல்லி மாமி இருந்தாள். பஜனை சமாஜத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, யாருக்குச் சுருதி சேரவில்லை, யார் வீட்டில் சமையல்காரன் என்ன சாதி என்றெல்லாம் கவனிக்கிறவள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். விளக்கேற்றுவது பத்மஜாவின் பொறுப்பு. வழக்கமாக அம்மா எண்ணெயில் திரியை நனைத்துப் போட்டுவிட்டுப் போவாள், அன்று மறந்துவிட்டாள். பிஸ்கட் டப்பா நிறைய உலர்ந்த திரி. பத்மஜா டப்பாவைத் திறந்தாள், மூடினாள். பிறகு மின்வெட்டுக்காக வைத்திருந்த மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து மகாலக்ஷ்மி படத்துக்கு முன்னால் கொளுத்தி வைத்துக் கைகூப்பினாள்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மாவும் சுந்தரவல்லி மாமியும் பார்த்தார்கள்.

மாமிதான் முதலில் பேசினாள். ரொம்பத் தணிந்த குரலில். "வசு, இது வேதக்காரா வழக்கம்னா."

திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். அம்மா கோயில் பிரசாதத்தை அப்படியே கீழே வைத்தாள். கன்னியாஸ்திரீ பள்ளி. பிள்ளையாருக்கு மாலை கட்டாதது. திரியைத் தொடாதது. மெழுகுவர்த்தி. எல்லாம் அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எப்ப சேந்தே?" என்றாள் அம்மா.

"எதுல?"

"வேதத்துல."

பத்மஜா சிரித்துவிட்டாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. "மாசிமா ஆத்துல காளி பூஜைக்கு மாடி முழுக்க மெழுகுவர்த்திதான் ஏத்தறா. அவாளும் சேந்துட்டாளா?"

"அவா பெங்காலி. அவா மீன்கூடத் திம்பா. நீ என்ன திம்பே, சொல்லு."

நான் சொன்னேன், "அம்மா, அவளுக்குப் பஞ்சுன்னா பயம். அவ்வளவுதான்."

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சு முழிச்சு உனக்கு மூளை கலங்கிடுத்து. பஞ்சப் பாத்து யாராவது பயப்படுவாளா? புலியா அது?"

"தண்டவாளம் புலியா?"

"அது கரண்டுடா!"

உண்மையைச் சொன்னதால் ஒன்றும் ஆகவில்லை. மதம் மாறிவிட்டாள் என்றால் அது அவர்களுக்குப் புரிகிற விஷயம். பஞ்சுக்குப் பயப்படுகிறாள் என்றால் புரியவில்லை. புரிகிறதையே எடுத்துக்கொண்டார்கள். சாந்த்ராகாச்சிக்கு ஃபோன் போட்டார்கள். சிவராமகிருஷ்ணன், "ஆமாம், அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே பஞ்சு ஆகாது. சொல்லணும்னு தோணல" என்றாராம். அப்பனும் பெண்ணும் பேசி வைத்துக்கொண்டு மறைக்கிறார்கள் என்று அம்மா முடிவு செய்தாள்.

சாய்ராம் ராத்திரி அவளிடம், "ஏதாவது இருந்தா எங்கிட்ட சொல்லிடு, பாத்துக்கலாம்" என்றானாம். மறுநாள் அவளே என்னிடம் சொன்னாள்.

"நீ என்ன சொன்னே?"

"ஆமாம், ஞாயித்துக்கிழமை போப்பாண்டவர் வந்து என்னை அழைச்சிண்டு போறார்னேன்." அடுப்பைத் துடைத்தபடியே சொன்னாள். "அதையும் ஒரு நிமிஷம் நம்பினார்."

அப்பா விசிறி இல்லாத மூலையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

பூஜை விடுமுறை முடிந்து பனி இறங்கினால் கொல்கத்தாச் சந்துகளில் பஞ்சு அடிப்பவர்கள் வருவார்கள். தோளில் ஆளுயர வில். நாணைக் கட்டையால் தட்டினால் டங், டங் என்று தெரு முழுக்கக் கேட்கும். ரஜாய் என்கிற பழைய பஞ்சுப் போர்வையைப் பிரித்து, கட்டிதட்டிப்போன பஞ்சை நாணால் அடித்துப் பொங்க வைத்துத் திரும்பத் தைத்துத் தருவார்கள். போன வருஷம்வரை அந்தச் சத்தம் கேட்டால் நான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு திரும்பிப் படுப்பேன். அந்த வருஷம் எழுந்துவிட்டேன். ஏனென்றால் சத்தம் தெருவிலிருந்து வரவில்லை. எங்கள் மொட்டை மாடியிலிருந்து வந்தது.

நான் மேலே போனபோது மாடி வெள்ளையாக இருந்தது. அம்மா இரண்டு ரஜாயையும் ஒரு மெத்தையையும் பிரிக்கச் சொல்லியிருந்தாள். பிஹார்க்காரன் ஒருவன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வில்லை மீட்டிக்கொண்டிருந்தான். பஞ்சு மூட்டமாகக் கிளம்பித் துணிக்கொடியில், தண்ணீர்த் தொட்டியில், அவன் புருவத்தில் எல்லாம் படிந்திருந்தது. நடுவில் பத்மஜா. துணி உலர்த்த வேண்டும் என்று கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரு கையைச் சுந்தரவல்லி மாமி பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் அம்மா ஒரு பிடி பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"தொடுடீ. தொட்டா வெந்தா போயிடுவே? பயம்னா தொட்டாத்தானே போகும்? தொடு. இல்லேன்னா உண்மையச் சொல்லு."

பத்மஜா வாயைத் திறந்தாள். மூச்சு உள்ளே போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாமியின் முன்கையைக் கடித்தாள். மாமி அலற, பிடி விட்டது. பத்மஜா இரண்டடி வைத்து, கால் மடங்கி, பஞ்சு மேலேயே விழுந்தாள். விழுந்த இடத்தில் கை கால் வெட்டி இழுத்தது. தலைமுடியில், ஈர உதட்டில் எல்லாம் பஞ்சு.

பிஹார்க்காரன் வில்லைப் போட்டுவிட்டு, "மிர்கீ ஹை க்யா?" என்று கத்தியபடி ஓடிவந்தான். காக்காய் வலிப்பு என்று நினைத்து, காலில் இருந்த செருப்பைக் கழற்றி அவள் மூக்கில் வைத்து அழுத்தினான். மாமி முன்கையைத் தேய்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள், "பாத்தியோ வசு? அவா சபையில இப்படித்தான் விழுவா. ஆவி எறங்கறதும்பா."

நான் பத்மஜாவைத் தூக்கினேன். தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு தலையோடு ஊற்றினேன். நனைந்தால் பரவாயில்லை என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. பஞ்சு சுருங்கி அழுக்குப்போல் ஒட்டிக்கொண்டது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நன்றி எல்லாம் சொல்லவில்லை.

"அவன் செருப்ப எடுக்கச் சொல்லு," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டுகளுக்கு முன்னால் அம்மா தீர்ப்புச் சொன்னாள். வருகிற கார்த்திகை தீபத்துக்கு சமாஜத்துப் பெண்களை எல்லாம் வீட்டுக்கு அழைக்கப் போகிறாள். பத்மஜா தன் கையால் திரி திரித்து, அகல் அத்தனையையும் அவர்கள் முன்னால் ஏற்ற வேண்டும். ஊர் பேச்சு அதோடு நிற்கும். ஊர் எப்படிப் பேச ஆரம்பித்தது என்று நான் கேட்கவில்லை. மாமி உட்கார்ந்து சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன்னா?" என்றாள் பத்மஜா.

"மாட்டேன்னா சாந்த்ராகாச்சிக்குப் போலாம். உங்கப்பாவ வந்து அழைச்சிண்டு போகச் சொல்றேன். போனா போனதுதான்."

பத்மஜா சாய்ராமைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றேள்?"

அவன் இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டான். "ஒரு நாள்தானே. கண்ண மூடிண்டு பண்ணிடேன்."

"நீங்க ஒரு நாள் கண்ண மூடிண்டு லிஃப்ட்ல போங்கோ. நான் பண்றேன்."

"அது வேற, பத்மா."

"எப்படி வேற?"

"அதனால யாருக்கும் தொந்தரவு இல்ல."

அவள் தலையாட்டினாள். சாப்பிட்டு முடித்து எல்லார் தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். சாய்ராம் நிம்மதியாக மூச்சு விட்டதைக் கேட்டேன். அவள் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

கார்த்திகையன்று மத்தியானம் அம்மா ஒரு பெரிய பஞ்சுக் கட்டைத் தாம்பாளத்தில் பிரித்து வைத்து, சமையலறை நடுவில் விட்டுவிட்டு, மாமியோடு மார்க்கெட்டுக்குப் போனாள். ரிக்ஷாவில்தான். பொரியும் வெல்லமும் வாங்கி வருவதற்குள் திரி ஆகியிருக்க வேண்டும் என்று உத்தரவு. அப்பா மூலையில் தூங்கிக்கொண்டிருந்தார். சாய்ராம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மாவிலை வாங்கப் போயிருந்தான்.

துணி கிழிகிற சத்தத்தில் எனக்கு விழிப்பு வந்தது. நல்ல துணி. கெட்டியாக, நீளமாகக் கிழிந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். சமையலறையில் தாம்பாளத்தின் மேல் பெரிய பாத்திரம் ஒன்று கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் இடுக்கி. பஞ்சு கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் அறையில், தரையில் உட்கார்ந்து ஒரு வேஷ்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் நனைத்த வேஷ்டி. மயில்கண் கரை. ஆனி மாதம் சாய்ராம் இதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்து அவள் கழுத்தில் தாலி கட்டினான். கூறைப் புடவையோடு மடித்து, வசம்பு போட்டு, அம்மா பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தது. ஒவ்வொரு பிள்ளை பிறக்கும்போதும், அறுபதாம் கல்யாணத்துக்கும் வெளியில் எடுக்கிற துணி.

நான் வாசலிலேயே நின்றேன்.

"என்ன பாக்கறே? அந்த முனையைப் பிடி. கோணலாப் போறது."

"அம்மா கொன்னுடுவா."

"துணித் திரி ஏத்தலாம். அதுலயும் மஞ்சத் துணின்னா அம்பாளுக்கு விசேஷம். பஞ்சாங்கத்துலயே போட்டிருக்கு. வேதக்காரி நான் படிச்சிருக்கேன், உங்கம்மா படிக்கல."

"வேற துணி இல்லையா?"

"வேற துணியா இருந்தா அவருக்கு உறைக்காது." அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. கறிகாய் நறுக்குகிற முகம். "பிடிக்கறியா, போய்த் தூங்கறியா?"

பிடித்தேன். அவள் இழுக்க, வேஷ்டி இரண்டாகப் போயிற்று. பிறகு நாலாக. பட்டைகளைத் தொடையில் வைத்து ஒரே உருட்டு. அம்மாவைவிட வேகம். கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி தயாராக இருந்ததையும், அதன் மேல் ரப்பர் தலையணை கயிற்றால் கட்டியிருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன்.

"போறதா முடிவு பண்ணிட்டா எதுக்கு இந்த வேலை?"

"முடியாம ஓடிட்டாள்னு யாரும் சொல்லக் கூடாது."

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். பட்டும் மல்லிகையுமாகக் கூடத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அப்பாகூட ஒரு சட்டை போட்டுக்கொண்டார். விசிறிக்குக் கீழே மட்டும் இடம் காலியாக இருந்தது, பழக்கத்தில். பத்மஜா மடிசார் கட்டிக்கொண்டு வந்து குத்துவிளக்கை ஏற்றினாள். பிறகு கோலத்தைச் சுற்றி வைத்த அகல்கள், மாடிப்படி, சன்னல் விளிம்பு. எல்லாம் எரிந்தன.

அம்மா பூரித்துப்போனாள். இரண்டு மாதமாகப் பட்ட அவமானம் எல்லாம் அவள் முகத்திலிருந்து வடிந்துகொண்டிருந்தது. சுந்தரவல்லி மாமி குனிந்து பார்த்துவிட்டு எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்.

"மஞ்சத் துணித் திரின்னா போட்டிருக்கா! அம்பாளுக்கு உகந்தது. வசு, உன் நாட்டுப்பொண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தா இதெல்லாம்?"

"நான்தான்," என்றாள் அம்மா, யோசிக்காமல். சொல்லிவிட்டு அவளும் குனிந்தாள். ஓர் அகலின் விளிம்பில் திரியின் வால் எரியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கரையின் மயில்கண் இரண்டு, சிவப்பும் பச்சையுமாக.

அம்மா நிமிர நேரமாயிற்று. நிமிர்ந்தபோது கன்னம் தொங்கியிருந்தது. அடுத்த அகலைப் பார்த்தாள். அதற்கடுத்ததை. வீடு முழுக்க எரிந்துகொண்டிருந்தது மகனுடைய முகூர்த்த வேஷ்டி. வாய் திறந்து சொல்லவும் முடியாது. சொன்னால் இத்தனை பேர் காதில் அந்த அபசகுனம் விழும். நான்தான் என்று வேறு சொல்லியாயிற்று.

சாய்ராமும் பார்த்துவிட்டான். அவனுக்கு அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரம் ஆனது. தெரிந்ததும் மாவிலைக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்தான்.

பத்மஜா உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள். "ஏத்தச் சொன்னேள், ஏத்தியாச்சு. இனிமே யாரும் வேதக்காரின்னு சொல்ல முடியாது, மாமி உள்பட. கிளம்பறேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் யாருக்கும் நமஸ்காரம் பண்ணவில்லை. படியில் அகல்களுக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அம்மாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "விளக்கேத்தின கையோட வெளியில போறாடா! லக்ஷ்மி போற மாதிரிடா! பிடிடா அவள!" சாய்ராமின் முழங்கையைப் பற்றி இழுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சந்தில் ஓடினாள். என் வேலை வண்டி வருகிற நேரம். நானும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

ராஷ்பிஹாரி அவென்யூவில் சாயங்கால நெரிசல். பத்மஜா அதற்குள் சாலையைக் கடந்துவிட்டாள். எதிர்ச்சாரியில், பூக்கடைக்குப் பக்கத்தில், ஹவுரா பக்கம் போகிற பஸ்ஸுக்காக நின்றாள். பெட்டி காலடியில். மடிசாரும் ரப்பர் தலையணையுமாக அவளைப் பார்த்துப் பூக்காரன் ஏதோ கேட்டான். அவளும் பதில் சொன்னாள்.

அம்மா தண்டவாளம்வரை ஓடினாள். அங்கே அவள் கால் நின்றது. இதற்குமுன் எத்தனையோ தடவை பார்த்ததுதான், ஆனால் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கால்விரல்கள் தார்ச் சாலையைக் கவ்விக்கொண்டன. இரும்பு பளபளத்தது. அவள் ஒரு காலைத் தூக்கினாள், வைத்த இடத்திலேயே வைத்தாள். மேலுதட்டில் வியர்வை. தோள் குலுங்கியது. மாத்திரைக் குப்பிப் பஞ்சைக் கண்டு கதவு நிலையில் மோதிக்கொண்டவளிடம் நான் பார்த்த அதே குலுக்கம்.

"பத்மா! இங்க வாடீ!" என்று கத்தினாள். பஸ் ஹாரனில் அது அமுங்கியது.

சாய்ராமின் முழங்கை அவள் பிடியில் இருந்தது. உதறினால் விட்டுவிடும் பிடிதான். அவனுக்குத் தண்டவாளத்திடம் எந்தப் பயமும் கிடையாது. நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கம்.

என் வண்டி அந்தப் பக்கம்தான் வரும். நான் கடந்து போய் பத்மஜாவுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். டிராம் ஒன்று வந்து நடுவில் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. அது நகர்ந்தபோதும் அந்தப் பக்கம் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

"வருவாரா உங்கண்ணா?"

"தெரியல."

"வந்தா நிப்பேன்," என்றாள். கேட்டதற்காகச் சொன்னதல்ல. எதிர்ப்பக்கம் பார்த்தே சொன்னாள்.

அம்மா சாய்ராமிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. வாயசைவிலேயே எனக்குப் புரிந்தது, சிறு வயதிலிருந்து கேட்டது அது. சாய்ராம் அம்மாவின் கையை மெதுவாக எடுத்துவிட்டான். பத்மஜா குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தவள், அப்படியே நிறுத்தினாள்.

அவன் திரும்பினான். நடைபாதையில் ஏறி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, காலிகாட் பக்கமாக வேகமாக நடந்தான். அம்மா சாலையைக் கடப்பதற்கு ரிக்ஷா தேடிப் போகிறான்; அம்மா சொன்னது அதுதான்.

"போயிட்டான்," என்றேன்.

"பாத்தேன்."

சாந்த்ராகாச்சி மினி வந்தது. அவள் பெட்டியை முதலில் உள்ளே தள்ளி, தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வௌவால், அந்தப் பஞ்சுத் தாம்பாளம் இன்னும் பாத்திரத்துக்கு அடியிலயேதான் இருக்கு. உங்கம்மாவ எடுத்து வைக்கச் சொல்லு."

கண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். பஸ் போயிற்று. எதிரே அம்மா தனியாக, வெறுங்காலோடு, தண்டவாளத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து சாய்ராம் ஒரு ரிக்ஷாவோடு ஓடிவந்தான்.